கடைசி டின்னை யார் எடுப்பது?

அன்பு மருமகள் சிக்னேவுக்கு,

உன் தாய்மாமன் ஓர்வில் ஆசையுடன் எழுதுவது. நான் நலம், உன் அத்தை ஆர்டிஸ் நலம், ஏரியில் உறைந்த பனி உடைந்துவிட்டதால் மீன்களும் நலம். துலூத்தில் நீயும் உன் பீப்பாய்களும் நலமாக இருக்கவேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். வருடத்தில் ஒரே ஒரு முறை, ஏரிப்பனி உடையும் வாரத்தில் நீ வெளியிடும் அந்தப் பீர், நான் நடத்தும் நம் ஊர்ச் சபை மதுக்கடைக்கு இரண்டு பெட்டி வந்து சேர்ந்தது. உன் ஆலை நாற்பது மைலில்தான் இருக்கிறது. ஆனால் விநியோகஸ்தருடன் போட்ட ஒப்பந்தப்படி நீ என் கையில் நேரே கொடுக்கக்கூடாதாமே? அது மின்னியாபொலிஸ் கிடங்குவரை போய், முந்நூறு மைல் ஊர் சுற்றிவிட்டு, விநியோகஸ்தர் லாரியில் மாமனைப் பார்க்க வந்தது. இரண்டே நாளில் பறந்துவிட்டது. குடித்தவர்கள் எல்லோரும் "மோசமில்ல" என்றார்கள். நம் ஊரில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. கல்யாணத்தன்று உன் அம்மாவைப் பார்த்து உன் அப்பா சொன்னதும் அதைத்தான்.

ஒரே ஒரு டின் மிச்சம். அங்கேதான் பிடித்தது சனி. விநியோகஸ்தரின் ஆள் டெல்காடோ, அரிசோனாக்காரர், தங்கமான மனிதர், செவ்வாய்தோறும் வந்து குளிர்பெட்டியைப் பார்ப்பார். காலியாக இருந்தால் அதே பீரின் இரண்டாம் ஈட்டில் நமக்கு இன்னும் இரண்டு பெட்டி. ஒரு டின் நின்றாலும் அந்த இரண்டு பெட்டியும் மின்னியாபொலிஸுக்குப் போய்விடும்.

"மூணு வாரமா அதே டின் அதே இடத்துல நிக்குது சார். இந்த ஊர்ல ஓடாத சரக்குன்னு எழுதிக்கிறேன்."

"ஓடாததா? ஊரே அதுக்கு ஏங்கிக்கிட்டு இருக்குய்யா!"

"அப்புறம் ஏன் யாரும் எடுக்கல?"

"கடைசியாச்சே!"

அவருக்குப் புரியவில்லை. அவர் ஊரில் கடைசித் துண்டைக் கூசாமல் எடுத்துத் தின்பார்கள் போலிருக்கிறது.

தேவாலய விருந்தில் கடைசிக் கேக் என்றால் பாதியாக வெட்டலாம், பாதியில் பாதி வெட்டலாம். டின்னை எப்படி வெட்டுவது? நேற்று மெக்கானிக் லைலும் பாடகர் குழு ஆர்லிஸும் குளிர்பெட்டிக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு இருபது நிமிஷம் நின்றார்கள். "நீ எடும்மா." "ஐயோ, எனக்கெதுக்கு? நீ எடு." "நான் வீட்ல காப்பி குடிச்சுட்டேன்." கடைசியில் இருவரும் வேறு எதையோ வாங்கிக்கொண்டு போனார்கள். வெளியூர் மீன்பிடிக்காரன் ஒருவன் கையை நீட்டினான். எல்லோரும் பார்த்தோம், அவ்வளவுதான். பாவம், வைத்துவிட்டுப் போய்விட்டான். 'தயவுசெய்து யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்' என்று அட்டை எழுதி ஒட்டினேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே ஒருவரும் போவதில்லை.

சிக்னே, நீ பீர் காய்ச்சப் போகிறாய் என்றபோது, "நல்ல வேலையை விட்டுட்டுப் பைத்தியமா?" என்று கேட்டவன் நான். இன்று உன் பெயர் போட்ட டின்னைத் துடைக்கும்போது நெஞ்சு நிறைந்துபோகிறது. நம் ஏரிப் பனியின் பெயரைச் சொல்லி நீ காய்ச்சியதை நம் ஊர் குடிக்காமல் மின்னியாபொலிஸ்காரன் குடிப்பதா? டெல்காடோவிடம் நீயே பேசு. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

புளிக்கவேண்டியது மட்டும் புளித்து, மற்றதெல்லாம் உனக்கு இனிக்கட்டும்.

என்றும் உன் மாமன்,
ஓர்வில் ஹாகன்

பி.கு.: டெல்காடோவிடம் பேசவேண்டாம். கடிதத்தை ஒட்டப் போனவன், துணிந்து காசு வைத்துவிட்டு அந்த டின்னை நானே எடுத்துக் குடித்துவிட்டேன். மோசமில்லை, கண்ணு. கண்ணீரே வந்துவிட்டது. பிறகு குளிர்பெட்டித் தட்டைத் துடைக்கக் கையை விட்டால், பின்னால் இன்னொரு டின் உருண்டு கிடக்கிறது. இப்போது அதுதான் கடைசி. செவ்வாய்க்குள் ஊர்ப் பழக்கம் தெரியாத யாரையாவது அனுப்பிவை.