அக்கா உத்தரவுப்படி எடுத்த ஒரு நாள் லீவு

அன்புள்ள எஸ்தர் அக்காவுக்கு, செஞ்சியிலிருந்து தம்பி தோமினிக் பணிவுடன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் லூர்துமேரியும் மகன் ஜெபினும் சுகம். உன் முட்டிவலி தேவலையா?

ஈஸ்டருக்கு வந்தபோது, "பாத்துக்கிறவன் படுத்துட்டா அப்புறம் பாக்குறது யாருடா? ஒரு நாளாவது லீவு எடு" என்று திட்டினாயே, எடுத்துவிட்டேன். முப்பது வருஷம் பஸ் கண்டக்டராய் இருந்தவனுக்கு எழுதிக் கொடுக்காமல் லீவு எடுக்க வராது. லூர்துமேரியிடம் விண்ணப்பத்தை நீட்டினேன். காரணம்: களைப்பு. தையல் மெஷினை விட்டு எழுந்திருக்காமலே, "இதச் சொல்ல ஆறு வருசமாச்சா?" என்று கையெழுத்துப் போட்டாள். உனக்குத் தெரியாததா, நான் ரிட்டையர் ஆனதிலிருந்து ஜெபின் என் பொறுப்பு. வயசு இருபத்தாறு ஆனாலும் டவுன் சிண்ட்ரோம் பிள்ளை, நான் ஊட்டினால்தான் வாயைத் திறப்பான். பட்டினி கிடப்பானே என்றுதான் எனக்குக் கவலை.

சனிக்கிழமை காலையில் கோட்டைக்குக் கிளம்பினேன். டீக்கடையில் பக்கத்தில் இருந்தவரின் டீயை வாங்கி, ஊதி ஊதி ஆற்றி, அவர் கையில் கொடுத்துவிட்டேன். அதோடு விட்டேனா? துண்டால் வாயையும் துடைத்துவிட்டேன். பெரிய மீசைக்காரர். "யோவ், இன்னா பண்ற?" என்று எகிறினார். விஷயத்தைச் சொன்னதும் அடங்கி, "சரி, சட்டையிலயும் சிந்திருக்குது, தொடச்சிட்டுப் போ" என்றார். பாதிப் படியில் ஒரு குரங்கு என் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டது. உள்ளே ஜெபினின் மாற்றுச் சட்டை ரெண்டு, பவுடர் டப்பா. லீவில் போறவனுக்கு அதெல்லாம் எதுக்குன்னு கேக்காதே. ஆனா அக்கா, எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் ரெண்டு கையும் காலி! ஏறினேன், ராஜகிரி உச்சி வரைக்கும் ஏறினேன், அறுபத்தஞ்சு வயசுல! அங்கே அடிச்ச காத்துல குலுங்கிக் குலுங்கி அழுதேன், எதுக்குன்னே தெரியல, சுகமா இருந்துச்சு. நிழல்ல சாஞ்சவன் மூணு மணி நேரம் தூங்கிட்டேன். காவலாளி மூக்குல விரல் வச்சுப் பாத்து, "பெருசு, உசுரோட இருந்தா எறங்கு" என்று எழுப்பினார்.

அரக்கப்பரக்க வீட்டுக்கு வந்தா, ஜெபின் தன் கையாலே தோசை பிட்டுத் தின்னுக்கிட்டு இருக்கான்! நாலாவது தோசையாம்! சட்டைப் பட்டனும் தானே போட்டிருக்கான், ஒண்ணு மட்டும் மாறி. ஜெயிச்சுட்டோம் அக்கா! நான் எடுத்த லீவால பிள்ளை ஒரே நாள்ல சாப்பிடக் கத்துக்கிட்டான். இனி மாசம் ஒரு சனிக்கிழமை எனக்கு லீவு, லூர்துமேரி ஒப்புக்கொண்டாள்.

மாமாவுக்கு என் வணக்கம். மாதா உன் முட்டிகளைக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உன் சொல் தட்டாத தம்பி,
தோமினிக்

பின்குறிப்பு: கடிதத்தை ஜெபினுக்கு வாசித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரிக்கிறான். தானே சாப்பிட அவனுக்கு ரொம்ப நாளாகவே தெரியுமாம், லூர்துமேரிக்கும் தெரியுமாம். "அப்புறம் ஏன்டா என்கிட்ட மட்டும் ஆன்னு வாயத் தொறக்குற?" என்று கேட்டேன். என் கன்னத்தைத் தடவிக்கொண்டே சொல்கிறான்: "நைனா ரிட்டையர் ஆயிட்டாரு. வேற வேல இல்ல. பாவம்."