இஞ்சின் கருப்பின் உத்தரவு

உசிலம்பட்டித் தண்டவாளத்து ஓரத்தில் சாமி விசிலடிக்கிறது என்று கேள்விப்பட்ட மறுநாளே எழுமலையிலிருந்து வேன் பிடித்து வந்துவிட்டார்கள். கூட்டமென்றால் அப்படியொரு கூட்டம். தேங்காய்க் கடையே ஏழு முளைத்துவிட்டது.

தலபுராணம் சுருக்கமானது. வெள்ளைக்காரன் காலத்தில் முதல் நீராவி வண்டி இங்கே வந்து மக்கர் பண்ணியதாம். கருப்பசாமி புகைபோக்கியில் வாய் வைத்து ஊதினாராம், வண்டி ஓடியதாம். கரி இஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றிய இந்தத் துருப்பிடித்த குழாயில் அந்த மூச்சு இன்னும் மிச்சமிருக்கிறதாம். கண்டுபிடித்தவர் இஞ்சின் சித்தர். போன வருடம் வரை காளவாசலில் செல்போன் கவர் விற்ற அழகுராஜாதான். ஞானம் யாருக்கு எப்போது வரும் என்று யார் கண்டது?

பக்தர் கேள்வி கேட்பார். சித்தர் மணியடிப்பார். குழாய் ஆவி கக்கி ஊதினால் உத்தரவு.

சரண்யாதேவி திங்கட்கிழமை சென்னையில் வேலைக்குச் சேர வேண்டும். நாளை ரயில். உத்தரவில்லாமல் அனுப்ப மாட்டேன் என்று அம்மா மலையம்மாள் ஒற்றைக்காலில் நின்றாள். மூன்று வாரமாக அவள் கேள்விக்கு மட்டும் சாமி வாயே திறக்கவில்லை.

"கழுத்துல கெடக்குறத இறக்கி வையி தாயி. அம்புட்டும் சரியாயிரும்" என்றார் சித்தர்.

மலையம்மாளின் கை சங்கிலிக்குப் போனது.

வரிசையில் நின்ற சரண்யா பொழுது போகாமல் மணியை எண்ணியிருந்தாள். எலுமிச்சம்பழம் வைத்தால் இரண்டு அடி, சாமி கப்சிப். மோதிரம் கழற்றினால் மூன்று அடி; உடனே விசில். ஒருமுறைகூடத் தப்பவில்லை.

"பொறும்மா" என்றவள், சித்தர் கையிலிருந்த மணியைப் பிடுங்கினாள்.

"ஏ புள்ள! தீட்டாயிரும், வையி!"

"ஒரே ஒரு கேள்விதான் சித்தரே." குழாயைப் பார்த்துக் கத்தினாள். "கருப்பா! இந்த ஆளு ஊர ஏய்க்கிறது நெசம்னா ஊது!"

டங். டங். டங்.

சாமி ஊதியது. சும்மா இல்லை, நன்றாக நீட்டி ஊதியது.

"அட, சாமியே சொல்லிருச்சுப்பா!" என்று யாரோ சிரித்தார்கள். சித்தர் பின்னாலிருந்த தகரக் கொட்டகைக்கு ஓடினார், கூட்டமும் ஓடியது. உள்ளே அவருடைய மைத்துனன் தவசி, கேஸ் அடுப்பில் கொதிக்கும் பாய்லரின் வால்வைப் பிடித்தபடி வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தான். அடுப்பு இரைச்சலில் அவனுக்குக் கேள்வியா காதில் விழும்? மணிதான் விழும்.

"என்ன மச்சான், மூணு அடிதான? கரெக்டா ஊதிட்டேன்ல?"

மலையம்மாள் சங்கிலியைச் சேலைக்குள் தள்ளினாள். "எத்தன மணிக்குடி ரயிலு? புளிச்சோறு கட்டணும்ல."

முதல் ரயிலைப் பார்த்து யாராவது கற்பூரம் காட்டியிருந்தால்கூட மன்னிக்கலாம். ஆவியின் சங்கதி அவர்களுக்குத் தெரியாது. தினமும் மூன்று விசில் எண்ணிக் குக்கரை இறக்குகிற நமக்கு என்ன கேடு? பருப்பு வெந்துவிடுகிறது. அறிவைத்தான் இன்னும் அடுப்பில் ஏற்றவில்லை. ஏற்றுங்களய்யா!