திணிவுக் காக்காவும் என் இடது காலும்

வடக்கே மருதமுனை தொடங்கித் தெற்கே பொத்துவில் வரைக்கும் வீடு வீடாகத் தேடினாலும், தன் நிறையை நியூட்டனில் சொல்லுகிற மனிதர் இன்னொருவர் கிடைக்க மாட்டார். அந்தப் பாக்கியம் கல்முனையில் நாங்கள் வேலை செய்யும் கந்தோருக்குத்தான் கிடைத்தது.

அவர் எங்கள் களஞ்சியத்துக்குப் பொறுப்பானவர். கடதாசி, பேனை, உடைந்த கதிரை, ஓடாத மின்விசிறி எல்லாம் அவர் கையில். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். எல்லாருக்கும் அவர் திணிவுக் காக்கா; காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். உயர்தரப் பரீட்சையில் மூன்று தரம் பௌதிகவியல் எழுதினாராம். மூன்று தரமும் அது அவரைக் கைவிட்டது. அவர்தான் அதைக் கைவிடவில்லை.

பட்டப்பெயர் வந்தது சந்திக் கடையில்.

“சீனி ரெண்டு கிலோ நிறுக்கட்டா காக்கா?”

“நிறு தம்பி. ஆனா கிலோவுல வாறது நிறை இல்ல, திணிவு. நிறை எண்டா பூமி அதப் புடிச்சி இழுக்கிற விசை. அத நியூட்டன்லதான் சொல்லணும்.”

“சரி காக்கா. பூமி இழுக்கிறத்துக்கு முன்ன பேக்கப் புடிங்க.”

இரத்ததான முகாமில் நடந்ததை இன்றைக்கும் கந்தோரில் சொல்லிச் சிரிப்போம். ஆலையடிவேம்பிலிருந்து வந்த தாதி, படிவத்தைப் பார்த்தபடியே “நிறை எவ்வளவு?” என்று கேட்டிருக்கிறார்.

“அறுநூற்றி எண்பத்தாறு.”

தாதி பேனையை வைத்துவிட்டு, காக்காவைத் தலையிலிருந்து செருப்பு வரைக்கும் ஒருமுறை பார்த்தார்.

“நியூட்டன்ல சொல்றன் மிஸ். சந்திரன்ல எடுத்தா இதுல ஆறுல ஒரு பங்குதான் வரும்.”

“அங்க போனா அங்கயே ரத்தம் குடுங்க ஐயா. இஞ்ச கிலோவுல சொல்லுங்க.”

அக்கரைப்பற்று பஸ்ஸில் ஒருநாள், ஓடும் பஸ் நின்றாலும் உடம்பு நிற்காது என்பதை யாருக்கோ விளக்கப்போய்க் கம்பியை விட்டுவிட்டார். அந்த நேரம் பார்த்து ஒரு மாடு தெருவைக் கடந்தது. சாரதி பிரேக் அடித்தார். காக்கா பின்கதவடியிலிருந்து புறப்பட்டு, இரண்டு கூடைகளையும் ஒரு மௌலவியையும் தாண்டி, கொண்டக்டரின் மடியில் போய் இறங்கினார். அங்கே இருந்தபடியே கையை உயர்த்தி, “பாத்தீங்களா? சடத்துவம்!” என்றார். முகத்தில் அப்படியொரு வெற்றி!

பகலில் நாங்கள் கந்தோருக்குப் பின்னால் தென்னைமரத்தடியில் சாப்பிடுவது வழக்கம். அந்த நிம்மதியையும் கெடுத்தார்.

“இருபது மீற்றர் உசரத்துல இருந்து உழுற தேங்கா ரெண்டு செக்கனுல தலைக்கு வந்துரும். வாற கதி மணிக்கு எழுபத்திரண்டு கிலோமீற்றர். இந்த ஊருக்குள்ள அந்தக் கதியில மோட்டர் சைக்கிள் போனா பொலிஸ் புடிக்கும். தேங்காய ஆரு புடிக்கிற?”

அன்றிலிருந்து எங்கள் கதிரைகள் வெயிலுக்கு மாறின. தேங்காய் இன்றுவரை விழவில்லை. நாங்கள்தான் கறுத்துப் போனோம்.

அடி, அங்குலம் என்றால் அவருக்கு ஆகாது. களஞ்சியத்துக்குத் தட்டு அடிக்க வந்த தச்சு வேலைக்காரர் “ஆறடி போடட்டா?” என்றதும், “ஆருட அடி? ஒங்கடயா, என்டயா?” என்று கேட்டு மீற்றர் நாடாவைக் கையில் கொடுத்தார்.

இதையெல்லாம் அவரைப் போலவே குரல் மாற்றி நடித்துக் காட்டுவதில் கந்தோரில் நான்தான் முதலாள். என் வெட்கத்தையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அடுத்து நடந்ததில் பாதிப் பிழை என்னுடையது.

மேல்மாடியைத் திருத்துவதற்காகச் சாமான்களைக் கீழே இறக்கினோம். கடைசியாக மிஞ்சியது ஒரு பழைய இரும்பு அலுமாரி. படிகளின் மேல் பலகை போட்டு, அலுமாரியைக் கயிற்றில் கட்டி, நாலு பேர் மேலே நின்று மெல்ல மெல்ல விடுவதாகத் திட்டம். காக்கா பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு, “கீழ ஆரும் நிக்கப்படா. பலகையில உராய்வு காணா, வழுக்கும்” என்றார்.

நான் அவருடைய குரலிலேயே, “பயப்படாதீங்க காக்கா, உராய்வு எங்கட ஆள்தான்” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு தந்த தைரியத்தில் போய்க் கீழே நின்றேன்.

பலகை வழுக்கியது. கயிறு கைகளை விட்டு உருவியது. அலுமாரி படிக்கட்டின் திருப்பத்தில் வந்து விழுந்தது. அதன் ஒரு முனை படியில் தங்கியது. மற்ற முனைக்கும் நிலத்துக்கும் நடுவில் என் இடது கால்.

நான் போட்ட சத்தம் எனக்கே கேட்கவில்லை. மேலே நின்றவர்கள் பதறிப்போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். அலுமாரி எழும்பவில்லை; காலின் மேல் அரம்போல உராய்ந்தது.

“கயித்த உடுங்க! ஆரும் தொடாதங்க!”

அது காக்கா. அவர் சத்தம் போட்டதை அன்றுதான் முதலில் கேட்டேன்.

கந்தோரின் எழுத்தர்களுக்கெல்லாம் தலைவரான பிரதம இலிகிதர் மேலேயிருந்து, “முன்னூறு கிலோ நிறை வரும்! நாலஞ்சு பேர் எறங்கித் தூக்குங்க!” என்று கத்தினார்.

கிலோ, நிறை. இரண்டும் ஒரே வசனத்தில்! அந்த வலியிலும் நான் காத்திருந்தேன், காக்கா திருத்துவார் என்று. அவர் திருத்தவில்லை. எனக்கு உண்மையான பயம் பிடித்தது அப்போதுதான்.

“இந்த இடத்துல ரெண்டு பேருக்கு மேல நிக்க ஏலா. ஒராளுட கை வழுக்கினாலும் மறுகா அவன்ட காலுலதான் உழும். அலவாங்கக் கொண்டாங்க!”

களஞ்சியத்திலிருந்து கடப்பாரைபோல் நீண்ட இரும்பு அலவாங்கு வந்தது. கதவு அடித்துச் சாத்தாமல் முட்டுக்கொடுத்திருந்த கருங்கல்லை அவரே தூக்கி வந்து அலுமாரியின் பக்கத்தில் வைத்தார். அலவாங்கின் நுனியை உள்ளே செருகிக்கொண்டே முணுமுணுத்தார்:

“அஞ்சடி அலவாங்கு. இஞ்சால அரையடி, அங்கால நாலரை. ஒம்பது மடங்கு. காலுல நிக்கிறது பாதி, நூத்தம்பது. ஒம்பதால பிரிச்சா பதினேழு கிலோ.”

அடியில் அளந்தார்! திணிவுக் காக்கா அடியில் அளந்தார். நான் இனிச் சாவுதான் என்று கலிமாவைச் சொல்லத் தொடங்கினேன்.

பிறகு அவர் திரும்பி, தடித்த ஆம்பிளைகளையெல்லாம் விட்டுவிட்டு, தட்டெழுத்து வேலை செய்யும், எல்லாருக்கும் அக்கா முறையான பரீனா ராத்தாவைக் கூப்பிட்டார். ராத்தா ஓங்கிக் காற்றடித்தால் தூணைப் பிடித்துக்கொள்ளும் ஆள்.

“இந்த நுனிய மெல்லமா அமத்துங்க. குதிக்காதங்க. மெல்லமா.”

“அந்தப் பொம்புளையா அலுமாரியத் தூக்கப் போறா?” என்றார் பிரதம இலிகிதர்.

“அவ தூக்கல்ல சேர். அலவாங்கு தூக்கும்.”

ராத்தா பிஸ்மி சொல்லி அமுக்கினார். அலுமாரி ஒரு விரற்கடை எழும்பியது. காக்கா ஒரு கட்டையைத் தள்ளினார். இன்னொரு விரற்கடை, இன்னொரு கட்டை. மூன்றாவது கட்டைக்குப் பிறகு என்னைக் கக்கத்தில் பிடித்து வெளியே இழுத்தார்கள். ராத்தா தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து அவர் ‘கிரேன் ராத்தா.’

எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. “இன்னும் ரெண்டு தரம் இழுத்திருந்தா, காலக் காப்பாத்திறது கஷ்டம்” என்றார் வைத்தியர்.

வீட்டுக்கு என்னைப் பார்க்க வந்த பரீனா ராத்தாதான் மற்றதைச் சொன்னார்.

“கணக்குப் பாத்து என்னக் கூப்பிட்டார் எண்டு நினைக்கிறியளா தம்பி? அவரால அலவாங்க அசையாமப் புடிக்க ஏலல்ல. அது கல்லுல பட்டு டக்டக்கெண்டு சத்தம் போட்டிச்சி. அதுக்குத்தான் என்னக் கூப்பிட்டார். நீங்க ஆஸ்பத்திரிக்குப் போன பொறகு களஞ்சியத்துக்குள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்டார். பின்னேரம் அசருக்குப் பாங்கு சொன்ன பொறகுதான் வெளிய வந்தார். கண்ணெல்லாம் செவந்திருந்திச்சி.”

அடுத்த நாள் காக்காவே வந்தார். கையில் நாலு இளநீர். கதிரை நுனியில் இருந்துகொண்டு, என் கட்டுப்போட்ட காலைப் பார்க்காமல் சுவர் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பதினேழு கிலோதானே காக்கா. நீங்களே அமத்தியிருக்கலாமே?”

“கணக்கு சரிதான் தம்பி.”

“பொறகென்ன?”

மணிக்கூட்டிலிருந்து கண்ணை எடுத்து, முதல் தடவையாக என் காலைப் பார்த்தார்.

“பரீட்சையில மூணு தரம் பிழை உட்ட ஆள் நான். அங்க பிழை உட்டா என்ட மாக்ஸ்தான் போகும். இஞ்ச பிழை உட்டா போறது ஒங்கட கால்.”

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் இளநீரை நீட்டி, “குடிங்க, சூடாகப் போகுது” என்றார்.

மூன்று மாதம் கதிரையில் இருந்துதான் தொழுதேன். வைத்தியர் விட்ட முதல் வெள்ளிக்கிழமை, ஜும்ஆவில் காக்காவின் பக்கத்தில் போய் நின்றேன். அவர் சற்றே தள்ளி, என் இடது காலுக்கு இடம் விட்டார். நெற்றி நிலத்தில் பட்டபோது, எனக்கென்று கேட்க வைத்திருந்த துஆ ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. யா அல்லாஹ், இந்த மனிசனுக்கு நீண்ட ஆயுளைக் குடு என்று மட்டும் கேட்டேன்.