தலையணைக் கர்ப்பம்

காலை ஏழு மணியிலிருந்து நின்று நின்று தர்மேந்திரனுக்குக் கால் கெஞ்சியது. வயிற்றில் ஒரு ரொட்டிச் சானாய்கூட விழவில்லை. மருத்துவ உதவியாளர் பயிற்சியில், ஆபத்தான கர்ப்பத்தைக் கவனிக்கும் தேர்வு அன்று. ஒருமுறை கோட்டை விட்டாயிற்று. இன்றும் விட்டால் ஆறு மாதம் முதலிலிருந்து.

கட்டிலில் நீலாவதி. ரந்தாவ் பக்கத்து எஸ்டேட்காரி, கிளினிக்கைக் கூட்டிப் பெருக்குகிறவள். நாற்பத்திரண்டு வயது, பிள்ளை இல்லை. தேர்வு நாளில் மட்டும் சட்டைக்குள் தலையணையைச் செருகி எட்டு மாதக் கர்ப்பிணியாக நடிப்பாள்.

"ஐயோ தம்பி, தல வெடிக்குது, கண்ணு மங்குது!"

"பிரஷர் பாரு லா," என்றார் தேர்வு நடத்தும் சிஸ்டர் குமுதவல்லி.

பார்த்தான். "நூத்திப் பத்து சிஸ்டர். நல்லாத்தான் இருக்கு."

"டேய், கையில குடுத்த கேஸ் அட்டையில நூத்தி எழுபதுன்னு எழுதியிருக்கு. அதப் படிக்காம நீயா அளக்கறியா? ரெண்டு மார்க்கு போச்சு."

பதறிப்போய் அவளை இடப்பக்கமாகத் திருப்பினான். தலையணை நழுவித் தரையில் விழுந்தது.

"பாவிப்பயலே, பிள்ளையக் கீழ போட்டுட்டியே!" நீலாவதி குலுங்கிச் சிரித்தாள்.

"இன்னும் மூணு மார்க்கு."

மிச்சத்தையாவது காப்பாற்ற, வயிற்றுப் பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்கும் கருவியை எடுத்து அவள் வெறும் வயிற்றிலேயே அழுத்தினான். குதிரை ஓடுவதுபோல் அறையெங்கும் சத்தம்.

"கேக்குது சிஸ்டர்! நூத்தி அம்பது!"

வழக்கமாக அந்தச் சத்தத்தைச் சிஸ்டர்தான் தம் கைப்பேசியில் போட்டுக் காட்டுவார். பையைத் துழாவி எடுத்தார். கைப்பேசி அணைந்து கிடந்தது. கருவியைப் பிடுங்கித் தாமே அழுத்தினார். அதே குதிரை.

"நீலா, மாசாமாசம் வர்றது எப்ப நின்னுச்சு?"

"நாலு மாசமாச்சு. வயசாயிருச்சுன்னு நெனச்சேன்..."

"வயசில்லடி. பிள்ள!"

சிஸ்டர் அடித்த மார்க்கையெல்லாம் திருப்பிப் போட்டார். "நாப்பத்திரண்டு வயசு, மொதப் பிள்ள. நெசமான ஆபத்துக் கேஸையே புடிச்சிட்டடா. பாஸ்!"

நீலாவதி வயிற்றில் கைவைத்துச் சத்தமில்லாமல் அழுதாள். கிளினிக் வேன் ஓட்டும் அவள் புருஷன் ஆறுமுகம், சேதி கேட்டு ஓடி வந்தார். அவள் தலையைத் தடவினார். பிறகு, ஏனோ, தம் பாதங்களைப் பார்த்தார்.

"இனிமே எங்க பொறக்கப் போவுதுங்கற தைரியத்துல வேண்டிக்கிட்டேன் சிஸ்டர். மாரியாத்தாளுக்கு ஏழு வருஷத் தீமிதி, ஏழும் பாக்கி லா!"