பதில் அண்ணனின் கடைவாய்ப் பல்

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறவர்களை உங்களுக்குத் தெரியும். பதில் தெரியாமல் திருதிருவென்று விழிக்கிறவர்களையும் தெரியும். நான் சொல்லவருவது மூன்றாவது இனம். கேள்வி உங்கள் தொண்டையைத் தாண்டுவதற்குள் பதிலைச் சொல்லி முடித்து, கைக்குட்டையால் வாயையும் துடைத்துக்கொண்டு, "வேற ஏதாவது சந்தேகம்?" என்று கேட்கிற இனம். இது எல்லாத் தொழிலிலும் உண்டு. ஆனால் நன்றாக ஊட்டி வளர்த்த ஒன்றைப் பார்க்க வேண்டுமானால், இளம் மிஷனரிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் இடத்துக்குப் போக வேண்டும். நான் மூன்று மாதம் அங்கே பெஞ்சு தேய்த்திருக்கிறேன்.

எங்கள் பயிற்சியாளரை, அவர் காதுக்கு எட்டாத தூரத்தில், பதில் அண்ணன் என்போம். படித்து நல்ல உத்தியோகத்தில் இருக்கிற, எதையும் லேசில் நம்பாத பெரிய மனிதர்களிடம் சுவிசேஷம் சொல்வது எப்படி என்பதுதான் அவர் பாடம். "படிக்காதவங்க அழுவாங்க, படிச்சவங்க கேள்வி கேப்பாங்க. அழுறவங்களுக்கு ஜெபம், கேக்குறவங்களுக்கு அட்டை" என்பார். அட்டை என்றால் நிஜ அட்டை. ஒரு தகரப் பெட்டியில் நூற்றுப் பன்னிரண்டு இருந்தன. முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில். டாக்டர்களுக்குப் பச்சை, வக்கீல்களுக்கு மஞ்சள், இன்ஜினியர்களுக்கு நீலம். ஆடிட்டர்களுக்கு நிறம் கிடைக்கவில்லை, அவர்கள் நீலத்திலேயே ஒண்டிக்கொண்டார்கள்.

வகுப்பில் அவர்தான் டாக்டராக நடிப்பார். எங்கிருந்தோ வாங்கிய வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்து, "கடவுள் இருந்தா குழந்தைக்கு ஏன்யா கேன்சர் வருது?" என்று மேஜையில் தட்டுவார். பதினான்கு வினாடிக்குள் பதில் வர வேண்டும். 'தெரியாது' என்று சொன்னால் பத்து மார்க் போச்சு. அவர் நடிக்கிற டாக்டர் பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட மனம் திரும்பியதில்லை. அவ்வளவு நன்றாக நடிப்பார். எங்களுக்கு முந்தைய வகுப்பில் ஒருவன், அந்த டாக்டர் சொல்வதுதான் சரி என்று தோன்றி, பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டான். சாத்தானின் வேலை என்றார் அண்ணன். டாக்டரின் வேலை என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

என்னோடு ஒரு தையல்காரர் மகள் படித்தாள். அப்பாவோடு சண்டை போட்டு, கடையை விட்டுவிட்டு, ஆஸ்பத்திரி ஊழியத்துக்கென்றே வந்தவள். அவளிடம் ஒரு கெட்ட பழக்கம். யாராவது ஏதாவது கேட்டால், கேட்டவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள். பதினான்கு வினாடி அதிலேயே கரைந்துவிடும். இரண்டு முறை தோற்றாள். மூன்றாவது முறையும் தோற்றால் ஊழியம் கிடையாது, திரும்பத் தையல் மெஷின்தான்.

மூன்றாவது பரீட்சை நிஜ ஆளிடம். அண்ணன் தேர்ந்தெடுத்தது ஒரு பல் டாக்டர் அம்மாவை. ஆறு வருஷமாக அண்ணனைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்தே அனுப்பிய அம்மா. பச்சை அட்டைகளில் பதினொன்று அவர் கேட்ட கேள்விகளின் புண்ணியத்தில் வந்தவை. அந்த வாரம் பார்த்து அண்ணனுக்குக் கடைவாய்ப் பல் வீங்கிக்கொண்டது. பல்லும் பரீட்சையும் ஒரே நடையில் முடியட்டும் என்று, மார்க் தாளை நெஞ்சில் வைத்துக்கொண்டு, பேனாவும் கையுமாக, அந்தச் சாய்வு நாற்காலியில் ஏறிப் படுத்தார்.

அடுத்து நடந்ததை எனக்குச் சொன்னது தையல்காரர் மகள். டாக்டரம்மா அவர் வாயில் பஞ்சை அடைத்து, எச்சில் உறிஞ்சும் குழாயை மாட்டிவிட்டு, "இன்னைக்கு நான் பேசறேன், நீங்க கேளுங்க. உங்களுக்கு வேற வழியில்லை" என்றாராம்.

டாக்டரம்மாவின் அப்பா போன மாதம் இறந்துபோயிருந்தார்.

"கடைசி ஒரு வாரம் அதையேதான் கேட்டாரு. 'அங்க யாராவது இருப்பாங்களாம்மா?'ன்னு. நான் ட்ரிப் ஒழுங்கா ஏறுதான்னு பார்த்துட்டு, 'தூங்குங்கப்பா'ன்னு சொன்னேன். தினமும் அதையேதான் சொன்னேன். நான் ஏதாவது சொல்லியிருக்கணுமா?"

நாற்காலியிலிருந்து அண்ணன் "ஆ… ஆ…" என்றார். அந்தக் கேள்விக்கு ஒன்பதாம் எண் அட்டை. விரலை விரித்தும் காட்டினார்.

"வலிக்குதா? இருங்க" என்று டாக்டரம்மா இன்னொரு ஊசி போட்டார்.

தையல்காரர் மகள் டாக்டரம்மாவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "தெரியலை டாக்டர்" என்றாள். அண்ணன் மார்க் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். "அப்பா அதை எப்படிக் கேட்டாரு? பயந்துக்கிட்டா?" என்று அவளே கேட்டாள்.

டாக்டரம்மா முகமூடியை இறக்கிவிட்டு, சக்கர ஸ்டூலில் உட்கார்ந்தார். "அதை யாருமே என்கிட்ட கேக்கலை" என்றார். அப்புறம் அரைமணி நேரம் அவர்தான் பேசினார், அழுதார், பேசினார். நடுவில் இரண்டு தடவை அண்ணன் "ஆ!" என்றார், இரண்டு தடவையும் ஊசி விழுந்தது. கடைசியில், "எங்கப்பாவுக்காக இப்ப ஜெபம் பண்ணலாமா? உங்க பக்கம் அப்படி உண்டா, கூடாதா?" என்று டாக்டரம்மா கேட்டபோது, இறந்தவர்களுக்காக ஜெபிப்பது எங்கள் சபையில் கூடாது என்பதால், அண்ணன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தே விட்டார்.

"உங்களுக்காகப் பண்ணலாம் டாக்டர்" என்றாள் அவள்.

இரண்டே வரி ஜெபம். பல்லும் வந்தது. "வெள்ளிக்கிழமை வாம்மா, பேசணும்" என்று வாசல்வரை வந்து சொன்னார் டாக்டரம்மா.

மரத்துப்போய்த் தொங்கும் உதட்டோடு பஸ்ஸிலேயே அண்ணன் மார்க் போட்டார். குறித்த நேரத்தில் பதில்: பூஜ்யம். சொல்லக்கூடாத சொல் சொன்னது: கழித்தல் பத்து. மேலே இருக்கிற கமிட்டிக்கு அறிக்கை வேறு எழுதினார்: 'பல் மருத்துவர் மனம் திரும்பும் தறுவாயில் இருக்கிறார். உரையாடியது: நான்.' பொய் என்று நினைக்காதீர்கள், மனிதர் மனப்பூர்வமாக நம்பினார்.

"அண்ணே, வெள்ளிக்கிழமை…"

"நான் போய்க்கறேன்மா."

போனார், பெட்டியோடு. ஒன்பதில் தொடங்கிப் பதினேழு வரை சொன்னார். டாக்டரம்மா மரியாதையாகக் கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணு வரலையா?" என்றார். அதற்கு மட்டும் அட்டை இல்லை.

அந்தப் பெண் அதற்குள் வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தாள். எனக்கு இன்றுவரை ஆத்திரம் அடங்கவில்லை. ஆனால் யார்மேல் என்றுதான் சரியாகச் சொல்ல வரவில்லை. ஏனென்றால் நான் அதே பரீட்சையில் தொண்ணூற்றிரண்டு வாங்கித் தேறியவன். அவளை பஸ் ஏற்றிவிடப் போனது நான்தான். இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு இப்ப என்ன தோணுதுன்னா…" என்று அவள் ஆரம்பித்தாள். "விடு, ஆண்டவர் எல்லாத்துக்கும் ஒரு காரணம் வச்சிருப்பார்" என்றேன் நான். நாலு வினாடிகூட ஆகியிருக்காது. அவள் தலையாட்டிவிட்டு பஸ் ஏறிவிட்டாள். என்ன தோன்றியது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

'நான் அந்த ரகம் இல்லை' என்று சொல்ல வாயெடுக்கிறீர்கள், தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். நான் இன்னும் எதுவும் கேட்கவேயில்லையே.