இரண்டு முருகையன்களும் ஓர் அறுப்பு மெஷினும்

சிரிக்கிற மேனேஜரை யாரும் மதிக்க மாட்டார்கள் என்று ஒரு காலத்தில் உறுதியாக நம்பினேன். அதற்காகக் கண்ணாடி முன் நின்று முகத்தை விறைப்பாக வைத்துக்கொள்ளப் பயிற்சிகூட எடுத்தேன். (அம்மா பார்த்துவிட்டு, “பல்லு வலியாடா?” என்று கிராம்பு கொண்டுவந்து கொடுத்தாள்.)

எம்.பி.ஏ. முடித்த கையோடு, அறுப்பு மெஷின் வாடகைக்கு விடும் இடத்தில் வேலை கிடைத்தது. முதலாளி ஷாஹிதா அக்கா, கூத்தாநல்லூர்க்காரர். கணவர் சிங்கப்பூரில். இங்கே மெஷின்கள், டிரைவர்கள், அவசரக்கார விவசாயிகள் எல்லோரையும் அவர் ஒருவராகவே சமாளித்தார். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. ‘பாவம், அக்காவுக்கு நிர்வாகம் தெரியவில்லை. இனி நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்’ என்று எனக்கு நானே பொறுப்பு கொடுத்துக்கொண்டேன்.

டிரைவர் செல்வம் ஆத்தூர்ப் பக்கம். அறுவடைக் காலத்துக்கு மட்டும் வருபவர், என்னைவிட மூத்தவர். வந்த அன்றே அவரை நிற்க வைத்துப் பேசினேன்.

“நான் அனுப்புற லொகேஷனுக்குப் போங்க, அறுங்க, வாங்க. சும்மா சும்மா போன் பண்ணி சந்தேகம் கேக்கக் கூடாது. வண்டிய ஓட்டுங்க, வாய ஓட்டாதீங்க.”

(கடைசி வரியை முந்தின நாளே யோசித்து வைத்திருந்தேன். வீணாகப் போகக் கூடாதல்லவா?)

தை மாதம். வானம் கருத்துக்கொண்டு வந்த ஒரு காலையில் முருகையன் என்பவர் பதறிப்போய்க் கூப்பிட்டார். “தம்பி, நெல்லு சாஞ்சு கெடக்கு. மழை புடிச்சா வயல்லயே முளைச்சிரும். வண்டிய உடனே அனுப்புங்க!”

உடனே அனுப்பினேன். ஆனால் என் போனில் இரண்டு முருகையன்கள் இருந்தார்கள். செல்வத்துக்கு நான் அனுப்பியது அடுத்த முருகையனின் லொகேஷன். அவர் பயிர் முற்ற இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் இருந்தது. அவரோ குடும்பத்தோடு மன்னார்குடியில் ஒரு கல்யாணத்தில் இருந்தார்.

வயலில் இறங்கியதும் செல்வம் போனில் கூப்பிட்டார். “சார், கதிரு இன்னும் பச்சையா...”

“நான் என்ன சொல்லியிருக்கேன்?”

“சரிங்க சார்.”

அறுத்துவிட்டார்.

மதியத்துக்கு முன்பே அடுத்தடுத்து இரண்டு போன். ஒரு முருகையன், “வண்டி எங்க?” என்றார். இன்னொரு முருகையன், “என் வயலு எங்க?” என்றார்.

நான் போய்ச் சேர்ந்தபோது வயலில் பாதி மொட்டையாகக் கிடந்தது. கல்யாணப் பட்டுவேட்டியோடு முருகையன் வரப்பில் நின்று கத்திக்கொண்டிருந்தார். சுற்றிலும் பாதி ஊர். செல்வம் மெஷினுக்கு அந்தப் பக்கம் நின்றார். எம்.பி.ஏ. படித்த நான் அவருக்கும் பின்னால் நின்றேன்.

ஷாஹிதா அக்கா ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். இன்றோடு நம் கதை முடிந்தது, எல்லோர் முன்னாலும் கிழித்துத் தொங்கவிடப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் நேராக முருகையனிடம் போனார்.

“அண்ணே, வண்டி என்னுது. ஆளுங்க என் ஆளுங்க. தப்பும் என்னுதுதான். இந்தப் பச்ச நெல்ல நான் எடுத்துக்கறேன். நல்லா வெளைஞ்சிருந்தா என்ன வந்திருக்குமோ, அத அப்படியே தர்றேன். இப்ப வண்டிய மட்டும் விடுங்க. அங்க இன்னொருத்தர் மழைய பாத்துக்கிட்டு நிக்கிறாரு.”

முருகையன் இன்னும் கொஞ்சம் கத்தத் தயாராகத்தான் வந்திருந்தார். எதிர்த்துப் பேச ஆளில்லாமல் எவ்வளவு நேரம் கத்துவது? “ஏம்மா, இப்படிப் பண்ணிட்டீங்களே...” என்று குரல் இறங்கியது. பிறகு அவரே கூட்டத்தை விலக்கி, மெஷினை ஏற்றிப்போகும் லாரி வர வழி விட்டார்.

அக்கா எங்கள் பக்கம் திரும்பினார். “செல்வம், சாப்டீங்களா?” என்று டிபன் பையை நீட்டினார். “போன வாரம் அந்த உளைச் சேத்துல கதிரு மிதிபடாம வண்டிய திருப்புனீங்களே, அந்தக் கை இருந்தா சாஞ்ச நெல்லு ஒரு விஷயமே இல்ல.”

அடுத்தது நான். “அக்கா, நான் வேலைய விட்டுர்றேன்” என்று முந்திக்கொண்டேன்.

“விடுங்க. ஆனா சாயங்காலமா விடுங்க. இப்ப பைக்க எடுத்துக்கிட்டு லாரிக்கு முன்னால போங்க. ஒரு தடவ தப்பாப் போனவருக்குத்தான் வழி மறக்காது.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இது எலும்புவரை போனது.

சரியான முருகையனின் வயலைச் சேர்ந்தபோது காற்று கிளம்பியிருந்தது. சாய்ந்து பின்னிக் கிடந்த பயிரைச் செல்வம் ஒரு பக்கமாகவே சீவிச் சீவி எடுத்த அழகை இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. எனக்கு உற்சாகம் பொங்கியது. அக்காவைப் போல நாமும் ஊக்கப்படுத்துவோம் என்று வரப்போரம் ஓடி, இரண்டு கைகளையும் தூக்கி, “சூப்பர் செல்வம்! பிரமாதம்!” என்று கத்தினேன்.

மெஷின் சட்டென்று நின்றது. செல்வம் குதித்து இறங்கி, முகம் வெளிறி ஓடிவந்தார்.

“என்னங்க சார்? மறுபடியும் வேற வயலா?”

“இல்லங்க... நல்லா அறுக்குறீங்கன்னு சொன்னேன்.”

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். சரியான முருகையனைப் பார்த்தார். “வயலு இதுதானுங்களே?” என்று அவரிடமும் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் மறுபடி ஏறினார். (என் பாராட்டால் அறுப்பு தாமதமானதுதான் மிச்சம்.) கடைசிச் சுற்று முடிந்து நெல்லுக்குத் தார்ப்பாய் போர்த்திய கையோடு மழை கொட்டியது. லாரிக்கு அடியில் ஒண்டிக்கொண்டு நான், செல்வம், சரியான முருகையன் மூன்று பேரும் அக்கா கொடுத்த இடியாப்பத்தைத் தின்றோம். அங்கேதான் செல்வம் முதல்முறையாக என்னிடம் தானாகப் பேசினார். நிறுத்தவே இல்லை.

நான் வேலையை விடவில்லை. சாயங்காலம் அக்காவும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அவர் இடத்தில் டிரைவர்கள் ஏன் வருஷா வருஷம் திரும்பி வருகிறார்கள், ஏன் எந்தப் பழுதையும் மறைக்காமல் சொல்கிறார்கள் என்பது எனக்கு அன்றைக்குப் புரிந்தது. நானும் மெல்ல மெல்லப் பாராட்டக் கற்றுக்கொண்டேன். ஆனால் செல்வம் என் கல்யாணத்துக்கு வந்து, பெண் வீட்டார் மொத்தப் பேருக்கும் இந்தக் கதையை நடித்தே காட்டிவிட்டுப் போனார்.

அதன் பலனை இன்றுவரை அனுபவிக்கிறேன். மீன்குழம்பு நன்றாக இருக்கிறது என்று வாயைத் திறந்தால் போதும், மனைவி கரண்டியோடு அப்படியே நின்றுவிடுகிறாள்.

“என்னங்க சார்? வேற வீடா?”