தேத்தண்ணி கேட்ட கரடி

நான் ஒரு சினிமாவில் நடித்திருக்கிறேன். இதை நானாக யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால் உடனே "என்ன வேஷம்?" என்று கேட்டுத் தொலைப்பார்கள்.

நெல்லியாளத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் எஸ்டேட்டுக்குச் சென்னையிலிருந்து ஒரு படக்குழு வந்தது. ஐந்து குட்டிக் கதைகளைச் சேர்த்து ஒரே படம். அதில் ஒரு கதை எங்கள் மலையில். சர்ரியல் படமாம். கனவு மாதிரி இருக்குமாம், ஏன் எதற்கு என்றெல்லாம் கேட்கக் கூடாதாம். தேயிலைக்கு நடுவே கட்டில் கிடக்கும், மரத்தில் டெலிபோன் காய்த்துத் தொங்கும், கரடி வந்து கொழுந்து பறிக்கும். (கரடி வருவதை எங்கள் ஊரில் யாரும் கனவு என்று சொல்ல மாட்டார்கள். கொழுந்து பறிக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்.)

"இதுவரைக்கும் திரையில வராத முகங்கள் வரணும். எல்லா மக்களுக்கும் பிரதிநிதித்துவம்!" என்று டைரக்டர் முழங்கினார். எனக்குப் புல்லரித்துவிட்டது. கொழுந்து பறிக்கும் பெண் வேஷத்துக்கு ஆள் தேடுகிறார்கள் என்றதும் முதல் ஆளாய்ப் போய் நின்றேன். போவதற்கு முன்பே, "நம்ம லயத்து முகம் சினிமால வரப்போகுது" என்று வீடு வீடாகச் சொல்லியும் வைத்துவிட்டேன். (லயம் என்பது எஸ்டேட் வரிசை வீடுகள். தாத்தா இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தபோது பெட்டியோடு கூட வந்த சொல்.)

ஒரே ஒரு வசனம். டீ கேட்க வேண்டும். "உங்க ஊர்ப் பேச்சுல கேளும்மா" என்றார் டைரக்டர்.

"ஒரு வாய் தேத்தண்ணி தாங்க" என்றேன்.

அவர் முகம் சுளித்தார். "என்னம்மா இது, சிலோன் தமிழ் மாதிரி இருக்கு?"

"எங்க வீட்டுல இப்படித்தான் சார் பேசுவோம். தாத்தா அங்கேருந்து வந்தவரு."

"அப்போ இது நீலகிரிக்குப் பிரதிநிதித்துவம் ஆகாதேம்மா!"

நான் பிறந்தது நீலகிரி, படித்தது நீலகிரி, அட்டைப்பூச்சிக்கு இத்தனை வருஷமாக ரத்தம் கொடுத்ததும் நீலகிரி. எதுவும் எடுபடவில்லை. வேஷம் சென்னையிலிருந்து வந்த ஒரு மாடலுக்குப் போய்விட்டது. அந்த அம்மணி "ஏனுங்க, டீ குடுங்க" என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். எனக்கு வயிறு எரிந்தது.

உதவி டைரக்டருக்கு மனசு கேட்கவில்லை. "கரடி வேஷம் காலியா இருக்கு. வசனம் கிடையாது. ஓகேவா?"

"முகம் தெரியுமா சார்?" என்று கேட்டேன். (கேள்வியைப் பாருங்கள்!)

"ஃபீலிங் தெரியும்மா."

ஒப்புக்கொண்டேன். லயத்தில் "முக்கியமான வேஷம்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். வினையே அதுதான்.

படப்பிடிப்பன்று ஒரே பனிமூட்டம். கரடித் தலைக்குள் மூச்சு முட்டியது, ஜிப் வேறு சிக்கிக்கொண்டது. நாக்கு வறண்டு போனது. மாடலை விதவிதமாக எடுத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து நைசாகக் கீழே இறங்கினேன். பெரியம்மா வீட்டில் ஒரு வாய் தேத்தண்ணி குடித்துவிட்டு ஓடி வந்துவிடலாம் என்பது திட்டம். (எந்த வாயால் குடிப்பது என்று யோசிக்கவில்லை.)

வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த பெரியம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"கரடீ!"

அவ்வளவுதான். தகரத்தைத் தட்டிக்கொண்டு லயமே திரண்டுவிட்டது. விளக்குமாற்றோடு பெரியம்மா முன்னால் வந்தார். "நான்தான் பெரியம்மா!" என்று கத்தினேன். அது வெளியே உறுமலாகத்தான் கேட்டிருக்கிறது. வந்த வழியே படப்பிடிப்புக்கு ஓடினேன். பின்னாலேயே அத்தனை பேரும். மாடல் கட்டில் மேல் ஏறி நின்று அலறினார். டைரக்டர் டெலிபோன் மரத்தில் ஏறிவிட்டார். கட்டில் கால் தடுக்கி நான் குப்புற விழுந்தேன். கரடித் தலை பாதி கழன்றது. முதுகில் சாத்துகிற சாத்தில் வாய்விட்டு அலறினேன்.

"ஐயோ, ஒரு வாய் தேத்தண்ணி கேக்க வந்ததுக்கா இந்த அடி!"

விளக்குமாறு அந்தரத்தில் நின்றது.

"ஏய், நிறுத்துங்கடா!" என்றார் பெரியம்மா. "தேத்தண்ணிங்குது. இது நம்ம கரடி!"

"கேமராவை நிறுத்தாதீங்க!" என்று மரத்திலிருந்து டைரக்டர் கூவினார்.

படம் வந்தபோது லயத்தில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தோம். மாடலின் வசனத்தைக் காணோம். திரை முழுக்க எங்கள் ஆட்கள், தகரமும் கையுமாக. நடுவில் கண்ணில் பொறி பறக்கப் பெரியம்மாவின் முகம். நான் அலறிய "தேத்தண்ணி"யும் அப்படியே இருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. என் முகம்தான் கடைசிவரை வரவில்லை.

இன்றைக்கும் கல்யாண வீடுகளில் பெரியம்மா புதுச் சம்பந்திகளிடம் என்னை இழுத்து நிறுத்தி அறிமுகம் செய்வார்.

"அந்தப் படத்துல நாந்தாங்க கதாநாயகி. இவ எங்கூட நடிச்ச கரடி."